ஜான் தாம்சன்: அந்த ஒரு நொடிக்கு முந்தைய நாலரை வருடம்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ‘ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து செல்டிக் கால்பந்து கிளப்பின் பழைய கோல்கீப்பர் ஜான் தாம்சனைப் பற்றித் தேடினால் அவர் இறந்த கதைதான் வருகிறது. ஆட்டக்காரராக அவர் எப்படி? உண்மையிலேயே பெரிய ஆளா, இல்லை இருபத்திரண்டு வயதில் போய்விட்டதால் பெரிய ஆளாக்கிவிட்டார்களா?’

நியாயமான சந்தேகம்தான். சின்ன வயதில் இறந்தவரைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. அவர் விட்ட கோல்கள் மறந்துபோகும், தடுத்தவை மட்டும் வருடத்துக்கு வருடம் பெரிதாகும். அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் தாம்சன் பெரிய ஆள்தான் என்பது என் கருத்து. ஆனால் சாவை ஒதுக்கி வைத்துவிட்டு ஆட்டத்தை மட்டும் பேச நினைத்தால் அவர் விஷயத்தில் அது நடக்காது. எப்படி ஆடினாரோ அப்படியேதான் இறந்தார்.

பிறந்தது 1909 ஜனவரி 28, ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஃபைஃப் வட்டாரத்திலுள்ள கிர்கால்டியில். வளர்ந்தது பக்கத்தில் கார்டென்டன் என்ற சுரங்க ஊரில். அந்த ஊர்ப் பையன்களுக்குப் பள்ளி முடிந்தால் நேரே நிலக்கரிச் சுரங்கம்தான். தாம்சனும் பதினாலு வயதில் பவ்ஹில் சுரங்கத்துக்குள் இறங்கினார். கரி ஏற்றிய தொட்டிவண்டிகளைச் சங்கிலியிலிருந்து கழற்றிவிடுவது அவர் வேலை. நாள் முழுக்க வெளிச்சமில்லாத இடத்தில், நகர்ந்துகொண்டிருக்கும் இரும்புக்கு நடுவே கையை விட்டு எடுக்கும் வேலை. அவருடைய கை வேகம் இங்கேதான் வந்தது என்று எழுதுபவர்கள் உண்டு. அழகான கதைதான், ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதே வேலையைச் செய்த மற்ற பையன்கள் எல்லோரும் கோல்கீப்பர் ஆகிவிடவில்லையே.

சுரங்கத்தில் வேலை பார்த்தபடியே முதலில் பவ்ஹில் ரோவர்ஸ், அப்புறம் வெல்ஸ்லி ஜூனியர்ஸ் அணிகளுக்கு ஆடினார். ஸ்காட்லாந்தில் ‘ஜூனியர்’ கால்பந்து என்றால் சிறுவர் ஆட்டம் இல்லை. பெரிய லீக்குக்கு வெளியே, வளர்ந்த ஆண்கள் மோதிக்கொள்ளும் முரட்டு ஆட்டம் அது. 1926-இல் வெல்ஸ்லியும் டென்பீத் ஸ்டாரும் ஆடிய ஒரு போட்டிக்கு செல்டிக்கின் ஆள்தேடி ஸ்டீவ் கேலகன் வந்தார். அவர் பார்க்க வந்தது எதிரணி கோல்கீப்பரை. ஆட்டம் முடிந்ததும் பேசியது தாம்சனிடம். வெல்ஸ்லிக்கு செல்டிக் கொடுத்தது பத்து பவுண்டு. அந்த வருடம் மே முதல் நவம்பர் வரை பிரிட்டன் முழுக்கச் சுரங்கங்களைப் பூட்டித் தொழிலாளர்களை வெளியே நிறுத்தியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான், பதினேழு வயதுச் சுரங்கப் பையனுக்குப் பெரிய கிளப்பிலிருந்து வந்த அழைப்பின் எடை புரியும்.

இங்கே கொஞ்சம் நின்று அந்தக் காலத்தில் கோல்கீப்பர் வேலை எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். இது தெரியாமல் தாம்சனை எடை போட முடியாது.

இன்று கோல்கீப்பரைத் தொட்டாலே விசில். அன்று பந்து கையில் இருக்கும்போது எதிரணியின் ஃபார்வர்டு (கோல் போட முன்னால் நின்று ஆடுபவர்) ஓடி வந்து தோளால் இடித்து, பந்தோடு சேர்த்து கோலுக்குள் தள்ளலாம், கோல் செல்லும். பந்தைப் பிடித்துக்கொண்டு நடக்க 1931 வரை இரண்டே அடிதான் அனுமதி. பிடித்தோமா, உடனே உதைத்து அனுப்பினோமா என்று இருக்க வேண்டும். தயங்கினால் தோள் வந்து விழும். பந்து தோலால் ஆனது, மேலே வார் போட்டுக் கட்டியது. மழையில் ஊறினால் கல் மாதிரி கனக்கும். இன்றைய மாதிரி கையுறை கிடையாது. ஈரத்துக்குப் பிடிமானமாகக் கம்பளி உறை போட்டால் உண்டு.

இதையெல்லாம்விட முக்கியமானது 1925-இல் வந்த ஆஃப்சைடு மாற்றம். அதுவரை தன் அணியினர் பந்தை உதைக்கும் நொடியில் ஃபார்வர்டுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆஃப்சைடு என்று ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். 1925 முதல் இரண்டு பேர் போதும். கேட்க ஒற்றை எண் மாற்றம் மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒரே பாஸில் தடுப்பு வரிசை கிழிந்து, ஃபார்வர்டு தனியாகக் கோல்கீப்பரை நோக்கி ஓடி வருவது அன்றாடக் காட்சியாகிவிட்டது. கோல்கள் கொட்டின. தாம்சனின் அணியிலேயே ஜிம்மி மெக்ரோரி 1928 ஜனவரியில் டன்ஃபர்ம்லினுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் எட்டு கோல் போட்டார். பழைய கோல்கீப்பர்கள் கோட்டிலேயே நின்று தடுத்துப் பழகியவர்கள், திணறினார்கள். ஓடி வந்து, ஃபார்வர்டு உதைக்கும் முன் அவர் காலடியில் பாய்ந்து பந்தை அள்ளும் கோல்கீப்பருக்குத் திடீரென்று மவுசு கூடியது. தாம்சன் அந்த ரகம். புது விதியோடு சேர்ந்து வளர்ந்த முதல் தலைமுறை அது.

சரி, கதைக்கு வருவோம். செல்டிக்கின் கோல் முன் அப்போது நின்றவர் பீட்டர் ஷெவ்லின். அவருக்குப் பதிலாக 1927 பிப்ரவரி 12 அன்று டண்டி அணியின் சொந்த மைதானமான டென்ஸ் பார்க்கில் தாம்சனை இறக்கினார் மேலாளர் வில்லி மேலி. வயது பதினெட்டு முடிந்து இரண்டு வாரம். செல்டிக் 2-1 என ஜெயித்தது. அன்று பிடித்த இடத்தை அவர் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

இரண்டே மாதத்தில் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிப் போட்டி. எதிரே ஈஸ்ட் ஃபைஃப். இரண்டாம் பிரிவு அணி, மெத்தில் ஊர்க்காரர்கள். வெல்ஸ்லியும் டென்பீத்தும் அதே வட்டாரம்தான். ஆக, போன வருடம்வரை தன்னை மைதான ஓரத்தில் நின்று பார்த்த ஊர்க்காரர்களின் அணிக்கு எதிராக, ஹாம்ப்டன் பார்க்கில் தாம்சன் நின்றார். முதல் கோலை ஈஸ்ட் ஃபைஃப்தான் போட்டது. கடைசியில் செல்டிக் 3-1. முதல் பதக்கம்.

அடுத்த வருட இறுதிப் போட்டி கசப்பானது. 1928 ஏப்ரல் 14, எதிரே அதே கிளாஸ்கோவின் பரம எதிரி ரேஞ்சர்ஸ். பார்த்தவர்கள் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் பேர். ரேஞ்சர்ஸ் அந்தக் கோப்பையை 1903-க்குப் பிறகு தொட்டதே இல்லை, அந்த ஏக்கமே ஊரில் கிண்டலாகிப் போயிருந்தது. இடைவேளைவரை 0-0. பிறகு ஒரு பெனால்டி. ரேஞ்சர்ஸின் டேவி மெய்க்கிள்ஜான் உதைத்தார், தாம்சன் தோற்றார். அங்கிருந்து சரிந்து 4-0. இந்த மெய்க்கிள்ஜானை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்.

இப்போது எண்கள். செல்டிக்குக்காக 188 ஆட்டம், அதில் 64-இல் ஒரு கோல்கூட விடவில்லை. மூன்றில் ஒன்று. அவருக்கு முந்தைய காலத்துப் பெயர்பெற்ற செல்டிக் கோல்கீப்பர் சார்லி ஷாவைப் பாருங்கள்: 1913 முதல் 1925 வரை 436 ஆட்டம், 240-இல் கோல் விடவில்லை. பாதிக்கும் மேல். எண்ணை மட்டும் பார்த்தால் ஷா எங்கேயோ இருக்கிறார். ஆனால் ஷா ஆடியது மூன்று பேர் ஆஃப்சைடு காலம். அவர் முன்னால் நின்றது 1915 முதல் 1917 வரை 62 லீக் ஆட்டங்களில் தோற்காத அணி. தாம்சன் முன்னால் நின்ற செல்டிக் அப்படிப்பட்ட அணியே இல்லை. 1926-27 முதல் 1930-31 வரை ஐந்து லீக் பட்டங்களும் ரேஞ்சர்ஸுக்கே போயின. தாம்சன் ஒரு லீக் பதக்கம்கூட வாங்காமல் போனவர். இது பலருக்குத் தெரியாது, சொன்னால் நம்பவும் மாட்டார்கள்.

அப்புறம் ஆட்டப் பாணி. ஆள் ஐந்தடி ஒன்பது அங்குலம், ஒல்லி. தோளால் இடித்தால் தாங்கும் உடம்பு இல்லை. அந்தக் காலத்து கோல்கீப்பர்களில் நிறையப் பேர் மல்யுத்தக்காரர் மாதிரி இருந்தார்கள். இடியைத் தாங்குவது வேலையில் பாதி. தாம்சன் இடிக்கு நிற்காமல், இடி வருமுன் பந்தோடு விலகிவிடுவார். எம்பினால் மற்றவர் கைக்கு மேலே ஒரு சாண் போவார் என்று பார்த்தவர்கள் சொன்னதை அன்றைய பேச்சு வழக்கு மிகை என்றே வைத்துக்கொண்டாலும், தன்னைவிட உயரமான ஃபார்வர்டுகளுக்கு நடுவே கார்னர் பந்தைத் தட்டிவிடாமல் இரு கையாலும் பிடிப்பவர் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததாகத் தெரியவில்லை. பாய்ச்சலும் அப்படித்தான். பக்கவாட்டில் கையை நீட்டி விழுவது ஒருவகை. தலையை முன்னால் கொடுத்து, ஓடி வருபவரின் காலுக்கும் பந்துக்கும் நடுவே புகுவது இன்னொரு வகை. இரண்டாவதைச் செய்யும்போது உடம்பில் எது முதலில் போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்கான கூலி 1930 பிப்ரவரியிலேயே வந்தது. ஏர்ட்ரி அணிக்கு எதிரான ஆட்டம், இதே மாதிரி காலடிப் பாய்ச்சல். தாடை உடைந்தது, விலா எலும்புகள் முறிந்தன, காறை எலும்பில் அடி, இரண்டு பல் போயிற்று. ஆட்டத்தை விட்டுவிடச் சொல்லி அம்மா கெஞ்சினார் என்பார்கள். எந்த அம்மாதான் கெஞ்சமாட்டார்? குணமாகித் திரும்பி வந்தபோது பாணியில் மாற்றம் ஏதும் இல்லை. என் கணக்கில் அவர் தரத்துக்கு மிகப் பெரிய சாட்சி இதுதான். காலடியில் பாய்ந்து ஒரு தடவை இப்படி அடி வாங்கிய கோல்கீப்பர் அடுத்த முறை அரை அடி தயங்குவார். அந்த அரை அடி போதும், கோல்.

அடிபட்ட மூன்றாம் மாதம், மே 18 அன்று, பாரிஸில் பிரான்ஸுக்கு எதிராக ஸ்காட்லாந்து தேசிய அணிக்கு முதல் ஆட்டம். 2-0 வெற்றி. அதுவரை அந்த இடத்தில் பெயர் வாங்கியிருந்தவர் ஜாக் ஹார்க்னெஸ், 1928-இல் வெம்ப்ளியில் இங்கிலாந்தை 5-1 என்று நொறுக்கிய அணியின் கோல்கீப்பர். அவர் இருந்த இடத்தில் நின்று தாம்சன் நாலு ஆட்டம் ஆடினார்: பிரான்ஸ், வேல்ஸ், வட அயர்லாந்து, இங்கிலாந்து. நாலிலும் சேர்த்து விட்டது ஒரே கோல், வேல்ஸுக்கு. 1931 மார்ச் 28 அன்று ஹாம்ப்டனில் இங்கிலாந்து 0-2 எனத் தோற்றது. ஒரு லட்சத்து முப்பதாயிரத்தைத் தொடும் கூட்டம். அந்த மே மாதம் ஸ்காட்லாந்து ஐரோப்பியப் பயணம் போய் ஆஸ்திரியாவிடம் 0-5 என்று உதை வாங்கியது. ரேஞ்சர்ஸ், செல்டிக் ஆட்டக்காரர்கள் யாரும் அந்த அணியில் இல்லை. தாம்சன் அப்போது செல்டிக்கோடு அமெரிக்காவில்.

அதற்கு முந்தைய மாதம்தான் இரண்டாவது கோப்பை. மதர்வெல்லுக்கு எதிரான இறுதிப் போட்டியில் செல்டிக் 0-2 எனப் பின்தங்கியிருந்தது. கடைசிப் பத்து நிமிடத்துக்குள் மெக்ரோரி ஒன்று போட்டார். கடைசி நிமிடத்தில் பெர்ட்டி தாம்சன் அடித்த கிராஸை (பெயர் ஒற்றுமை மட்டும்தான், உறவில்லை) மதர்வெல்லின் ஆலன் கிரெய்க் தலையால் முட்டித் தன் கோலுக்குள்ளேயே அனுப்பினார். மறு ஆட்டத்தில் செல்டிக் 4-2. அந்த மகிழ்ச்சியோடு கப்பலேறிய அமெரிக்கப் பயணத்தில் ஃபால் ரிவர் என்ற அணியிடம் 0-1 எனத் தோற்றார்கள். அந்த அணியின் கோல் முன் நின்றவர் ஜோ கென்னவே, மாண்ட்ரியலில் பிறந்த கனடாக்காரர். செல்டிக் அடித்ததையெல்லாம் பிடித்தார். ஜெயிக்க முடியாத எரிச்சலோடு கப்பலில் திரும்பியவர்களுக்கு அவர் முகம் நினைவில் இருந்தது.

1931 செப்டம்பர் 5, சனிக்கிழமை. ஐப்ராக்ஸ் மைதானம், ரேஞ்சர்ஸ்–செல்டிக், சுமார் எண்பதாயிரம் பேர். முதல் பாதி உப்புச் சப்பில்லை. இடைவேளை முடிந்து ஐந்து நிமிடம் இருக்கும். ரேஞ்சர்ஸின் புது ஃபார்வர்டு சாம் இங்கிலிஷ், அந்தக் கோடையில்தான் யோக்கர் அத்லெடிக்கிலிருந்து வந்தவர், தடுப்பைத் தாண்டித் தனியாக வந்தார். அவருக்கு வயது இருபத்துமூன்று. தாம்சன் கோட்டை விட்டு ஓடி வந்து பாய்ந்தார். பந்து கம்பத்துக்கு வெளியே போனது. இங்கிலிஷின் முழங்கால் தாம்சனின் நெற்றிப்பொட்டில் மோதியது. அந்த நொடியின் புகைப்படம் இருக்கிறது. பார்த்தால் அவர் நூறு தடவை செய்த அதே பாய்ச்சல்தான். கோல் விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேலையை முடித்துவிட்டுத்தான் விழுந்தார்.

உதவி கேட்டு முதலில் கையைக் காட்டியவர்களில் ஒருவர், நொண்டிக்கொண்டே எழுந்த இங்கிலிஷ். ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் நின்ற பக்கம் ஆரவாரம் எழுந்தது. என்ன ஆயிற்று என்று அவர்களுக்குத் தெரியாது. மெய்க்கிள்ஜான் அவர்களை நோக்கி நடந்து போய்க் கையை உயர்த்தினார். கூட்டம் அடங்கியது. மூன்று வருடம் முன்பு அதே ஆளை பெனால்டியில் தோற்கடித்தவர். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். மாற்று ஆட்டக்காரர் விதி இல்லாத காலம். சிக் கீட்டன்ஸ் என்ற களத்து ஆட்டக்காரர் மீதி நேரம் கோல் முன் நின்றார். ஆட்டம் 0-0. மண்டை ஓடு உள்வாங்கி முறிந்திருந்தது. விக்டோரியா மருத்துவமனையில் அறுவை செய்தும் பலனில்லை, இரவு 9.25-க்கு இறந்தார். ஃபைஃபிலிருந்து பெற்றோர் வந்து சேர்ந்திருந்தார்கள்.

கார்டென்டனில் அடக்கம் செய்த அன்று திரண்ட கூட்டம் முப்பதாயிரம் என்கிறார்கள். வேலையில்லாக் கொடுமை தலைவிரித்தாடிய வருடம். ரயிலுக்குக் காசில்லாதவர்கள் கிளாஸ்கோவிலிருந்து ஐம்பத்தைந்து மைல் நடந்தே வந்தார்கள். அக்டோபர் கடைசி நாளில், அவர் வேலை பார்த்த அதே பவ்ஹில் சுரங்கத்தில் வெடிப்பு நடந்து பத்துப் பேர் செத்தார்கள்.

இதை மதச் சண்டைக் கதையாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். செல்டிக் கத்தோலிக்கர் தொடங்கிய கிளப், ரேஞ்சர்ஸ் புராட்டஸ்டன்ட் கிளப் என்ற பிளவு உண்மைதான். ஆனால் தாம்சனும் புராட்டஸ்டன்ட், இங்கிலிஷும் புராட்டஸ்டன்ட். விசாரணையில் விபத்து என்றே முடிவானது, தாம்சன் குடும்பமும் இங்கிலிஷ் மேல் குற்றமில்லை என்றது. மேலி மட்டும் விசாரணையில், விபத்தாக இருக்கும் என்று நம்புவதாகவும் கருத்துச் சொல்லும் அளவுக்குத் தான் பார்க்கவில்லை என்றும் சொல்லி வைத்தார். வாய் தவறியதோ, துக்கமோ, தெரியாது. ஆனால் அந்த அரைகுறை வார்த்தை இங்கிலிஷைத் துரத்தியது. அந்த சீசனில் அவர் போட்ட 44 லீக் கோல் இன்றும் ரேஞ்சர்ஸ் சாதனை. போன இடமெல்லாம் ‘கொலைகாரன்’ என்ற கூச்சல். 1932-இல் லிவர்பூல் போனார், அங்கும் விடவில்லை. 1938-இல் ஆட்டத்தையே விட்டார்.

விதியாவது மாறியதா? தாம்சனுக்காக மாறவில்லை. 1936-இல் சண்டர்லாந்தின் கோல்கீப்பர் ஜிம்மி தோர்ப், இருபத்திரண்டே வயது, ஆட்டத்தில் உதைபட்டுச் சில நாளில் இறந்த பிறகுதான், பந்தைக் கையில் வைத்திருக்கும் கோல்கீப்பர் மேல் காலை ஓங்கக் கூடாது என்று வந்தது. 2006 அக்டோபரில் செல்சியின் கோல்கீப்பர் பெட்ர் செக்குக்கு ஆனது நினைவிருக்கும்: அவரும் காலடியில் பாய்ந்தார், அதுவும் முழங்கால், அதே உள்வாங்கிய மண்டை முறிவு. எழுபத்தைந்து வருட மருத்துவம் அவரைக் காப்பாற்றியது. தலைக்கவசத்தோடு திரும்பி வந்து இன்னும் பல வருடம் ஆடினார். செக்கை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்றால் தாம்சன் எந்த ரகம் என்று ஓரளவு பிடிபடும், உடம்பில் பாதியாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நாலு தேசிய ஆட்டம், இரண்டு கோப்பை, லீக் பட்டம் இல்லை. காகிதத்தில் இவ்வளவுதான். கோல்கீப்பர்கள் முதிர்வதே முப்பதை ஒட்டித்தான், இவர் இருபத்திரண்டில் ஸ்காட்லாந்தின் முதல் தேர்வாக இருந்தார். என் முடிவுக்கு அது போதும்.

அவர் இடத்துக்கு ஆள் தேடியபோது செல்டிக் தந்தி அடித்தது அமெரிக்காவுக்கு. ஜோ கென்னவே 1931-லேயே கப்பலேறி வந்தார். 1939 வரை நின்றார், ஸ்காட்லாந்துக்கும் ஒரு ஆட்டம் ஆடினார். 1936-இல் செல்டிக் லீக்கை ஜெயித்தது, 1938-இல் மறுபடியும். அந்தப் பதக்கங்கள் அவருக்குப் போயின.